பாண் வேனுக்கு நிறுத்திய பாட்டு

அந்தப் பாடகர் பொய் சொன்னார். கசெட் எரியவில்லை. அது இன்றைக்கும் அவர் கையில்தான் இருக்கிறது.

இதை யாரும் வந்து என்னிடம் சொல்லவில்லை. அவருடைய புது சீடிதான் சொன்னது. கனடாவில் ஒரு பெரிய மண்டபத்தில் சனத்துக்கு முன்னால் பாடி, அப்படியே ஒலிப்பதிவு செய்த சீடி. பேர் வாங்கிக்கொடுத்த பாட்டு ஒன்றும் அதில் இல்லை. எல்லாம் அவர் கண்டியில் இருந்த காலத்தில் செய்த, வெளியே அதிகம் தெரியாத பாட்டுகள். அட்டையில் நரைத்த தாடியோடு அவருடைய படம். கீழே, ‘கண்டியின் தனிமையில் பிறந்த பாடல்கள்’ என்று அச்சடித்திருக்கிறார்கள்.

தனிமையாம். அந்த அறைக்குள் நாங்கள் நாலு பேர் இருந்தோம். ஒருவர் காலை நீட்டினால் மற்றவர் மடக்க வேண்டும்.

நாலு பேரையும் சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வரும். முதலாவது ஆள் பாடகர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பாவுக்குக் கண்டிக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை, அதனால் இங்கே வளர்ந்தவர். எங்களில் இளையவர் அவர்தான். மெட்டும் அவருடையது, சொற்களும் அவருடையவை. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் யாருடைய பாட்டையும் திருடவில்லை. இரண்டாவது ஆள் போங்கோ தட்டினவர், கண்டி மஹய்யாவப் பையன், இன்றைக்குத் திரீவீல் ஓட்டுகிறார். மூன்றாவது நான். பகலில் தையல், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பாட்டு. அங்கே என் குரலைக் கேட்டுத்தான் பாடகர் கூப்பிட்டார். நாலாவது ஆள் ஆர்மோனியம் வாசித்தவர். மடுல்கெல்லப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆள். கண்டியில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். இந்தக் கதை அவரைப் பற்றியது.

எண்பத்து மூன்று இனக் கலவரம் முடிந்த பிறகு பாட்டுப் பழக இடம் கிடைப்பது லேசில்லை. நாலு தமிழர் ஒரு அறைக்குள் இருந்தால் அது கூட்டம். பக்கத்தில் ஒரு டேப் ரெக்கோடரும் இருந்தால் பிரசாரம். வீட்டுக்காரர்கள் தமிழ் ஆட்களே வேண்டாம் என்றார்கள். கடைசியில் அம்பிட்டிய வீதியில், ஒரு வளைவுக்குக் கீழே இருந்த வீட்டில் ஒரு சிங்கள அம்மா அறை தந்தார், நோனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வீடுகள் தெரியும்தானே. வீதி கூரை மட்டத்தில் போகும், வீடு பள்ளத்தில் கிடக்கும். அறையின் யன்னலில் நின்றால் மேலே போகிற வாகனத்தின் சில்லு மட்டும் தெரியும்.

நோனா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். “பாட்டு நல்லது. பாடு. பொலிஸ் ஜீப் வாற நேரம் மட்டும் பாட வேணாம். அவன் உங்ககிட்ட கேக்க மாட்டான், எங்கிட்டத்தான் கேப்பான்.”

அவருக்குப் பயம் இருந்தது. பயத்தோடுதான் அறை தந்தார். நான் அதை மறக்கவில்லை.

அதனால் நாங்கள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். அண்ணன் யன்னலுக்கு அடியில் உட்காருவார். அவருக்குக் காது கூர்மை. வளைவில் ஏறும் வாகனத்தை என்ஜின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். பஸ் என்றால் வளைவுக்கு முன்பே முக்கி முனகிக் கியர் மாற்றும். லொறி இரண்டு தரம் மாற்றும். ஜீப் மாற்றாது, ஒரே இழுப்பில் ஏறிவிடும். அவருடைய இடது கையில் அகலமான வெள்ளி மோதிரம் ஒன்று இருந்தது. அந்தக் கைதான் ஆர்மோனியத் துருத்தியை அமுக்குகிற கை. ஜீப் சத்தம் கேட்டதும் துருத்தியை விட்டுவிட்டு, மோதிரத்தால் பெட்டியின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். உடனே எல்லோரும் நிறுத்த வேண்டும். ஆர்மோனியம் மட்டும் உடனே நிற்காது. உள்ளே இருக்கிற காற்று தீரும்வரை முனகிக்கொண்டே அடங்கும். ஜீப் போன பிறகு ஒரு தட்டு. அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

ஆர்மோனியம் நிற்கிற விதத்தைப் பார்த்துப் போங்கோக்காரர் ஒவ்வொரு தரமும் சொல்வார், “அண்ணே, ஒங்க பொட்டிக்கு உசுரு போற மாதிரியே இருக்கு.”

“எம் பொட்டி போவும், திரும்பி வரும். ஜீப்புல ஏத்துனா நீதான் திரும்பி வர மாட்ட” என்பார் அண்ணன். நாங்கள் சிரிப்போம். அப்போது அது பகிடி.

பாடகரின் அப்பாவிடம் ஒரு டூ இன் வன் இருந்தது. அதைச் சாக்குப்பையில் சுற்றிக் கொண்டுவருவார். பாட்டு ஓரளவு படிந்தால் கசெட்டில் பிடித்துப் பார்ப்போம். அப்படித்தான் பஸ் பாட்டைப் பிடித்தோம். அது துக்கப் பாட்டில்லை. விளையாட்டுப் பாட்டு.

மலை ஏறும் பஸ்ஸே, கொஞ்சம் நில்லு
மழையில நிக்கிறா, ஏத்திக்கிட்டுச் செல்லு

இது ஆண் குரல். பிறகு ஆர்மோனியம் ஒரு சுற்று வரும். பிறகு நான் பாட வேண்டும்.

எனக்கும் ஒரு இடம் வைங்க
ஜன்னல் பக்கம் பாத்து வைங்க

அன்றைக்குப் பாடகர் தன் வரிகளைப் பாடி முடித்தார். அண்ணன் வாசித்துக்கொண்டு வந்தார். பாதியில் டக் டக் என்று இரண்டு தட்டு. எல்லோரும் நிறுத்தினோம். ஆர்மோனியம் முனகி அடங்கியது. மேலே வாகனம் வளைவில் ஏறி, நோனா வீட்டு வாசலிலேயே நின்றது. அப்போது ஹோர்ன் அடித்தது, நோனா பாண் கேட்டுக்கொண்டு படியில் ஏறுகிற சத்தம் வந்தது. பேக்கரிக்காரன் அந்த வாரம்தான் புது வேன் வாங்கியிருக்கிறான். ஜீப் மாதிரியே ஒரே இழுப்பில் ஏறுகிற வேன். அண்ணனுடைய காது பிழைவிட்ட ஒரே நாள் அதுதான். அவர் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். நேரத்துக்குத் தட்டவில்லை, வெட்கத்தில் கொஞ்சம் பிந்தித் தட்டினார். பிறகு, “பாண் வேன்தான். நீங்க பாடுங்க” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். ‘எனக்கும்’ என்கிற சொல்லை விட்டுவிட்டேன். ஒரு மூச்சுச் சிரிப்போடு, ‘ஒரு இடம் வைங்க’ என்றுதான் என் குரல் உள்ளே போனது.

பாடகருக்குக் கோபம். “அக்கா, ஒரு சொல்லை விட்டாப் பாட்டு நொண்டும். இப்பிடிப் பாடினா நான் இதை ஆருக்குக் குடுக்கிறது?”

அவர் சொன்னது சரி. அடுத்த கிழமை வேறொரு கசெட்டில் ஒழுங்காகப் பிடித்தோம். அந்தக் கசெட்தான் கொப்பி பண்ணப்பட்டுத் தோட்டங்களுக்குப் போனது. பன்விலப் பக்கத்துக் கல்யாணங்களில்கூட அதைப் போட்டார்கள். அதில் தட்டும் இல்லை, நிறுத்தமும் இல்லை, ‘எனக்கும்’ அதன் இடத்தில் இருக்கிறது. பிழையாகிப்போன முதல் கசெட் ஒன்றே ஒன்றுதான். அதைப் பாடகர் வைத்துக்கொண்டார். மனம் சரியில்லாத நாட்களில் போட்டுக் கேட்டுச் சிரிப்போம்.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. ஒரு தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு வாசிக்க அண்ணன் ஆர்மோனியத்தோடு ஊருக்குப் போனார். திரும்பி வரும் வழியில், ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி ஆண்களை இறக்கினார்கள். மற்றவர்களை ஏற்றிவிட்டார்கள். அவரை ஏற்றவில்லை. கொண்டக்டர் நல்ல மனிதன். ஆர்மோனியத்தைக் கண்டி பஸ் ஸ்டான்டில் டைம் கீப்பரிடம் கொடுத்துவிட்டு, சொந்தக்காரர் வந்தால் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நானும் போங்கோக்காரரும்தான் போய் எடுத்துவந்து, பிறகு அவர் வீட்டில் கொடுத்தோம். பெட்டி திரும்பி வந்தது. ஆள் வரவில்லை. எந்த இராணுவ முகாமிலும் அப்படி ஓர் ஆள் இல்லை என்றார்கள். அவருடைய மனைவிக்கு அப்போது வயிற்றில் பிள்ளை.

அதற்குப் பிறகு கூடிப் பழகுவது நின்றுபோனது. யாரும் நிறுத்துவோம் என்று பேசி நிறுத்தவில்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

பாடகர் வெளிநாடு போகப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அண்ணனுடைய மனைவி மடுல்கெல்லவிலிருந்து கைக்குழந்தையோடு இறங்கி வந்தார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மார்க்கெட்டுக்கு முன்னால் பாடகரைக் கண்டோம். அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“தம்பி, அவரு பேசுன கசெட் ஒண்ணு ஒங்ககிட்ட இருக்காமே. அதக் குடுத்திட்டுப் போங்க. ஒரு தரம் கேட்டுட்டுக்கூடத் தந்திர்றேன்.”

பாடகர் நிலத்தைப் பார்த்தார். “அதை எரிச்சுப்போட்டன், அக்கா. பயத்தில எல்லாக் கசெட்டையும் ஒண்டாப் போட்டு எரிச்சனான்.”

நாங்கள் நம்பினோம். நம்பாமல் இருக்க முடியாது. அந்தக் காலத்தில் எல்லோரும் எரித்தோம். நானும் என்னிடம் இருந்த கொப்பியை அடுப்பில் போட்டவள். கசெட் எரிந்தால் என்ன மணம் வரும் என்று கண்டியில் பல தமிழ் வீடுகளுக்குத் தெரியும். அண்ணி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, அவரைத்தான் தேற்றினார். “பரவாயில்லீங்க தம்பி. நாடா போனாப் போவுது. நீங்க பத்திரமாப் போய்ச் சேருங்க.”

இப்போது சீடிக்கு வருகிறேன்.

பாடகரின் மச்சான் முறையான ஒருவர் டவுனில் கடை வைத்திருக்கிறார். கனடா போய்வந்தவர், போன மாதம் என்னைக் கூப்பிட்டு ஒரு சீடி தந்தார். “உங்களுக்கெண்டு தந்து விட்டவர், அக்கா.” எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டில் சீடி போட வசதி இல்லை. போங்கோக்காரரின் திரீவீலில் நல்ல செட் இருக்கிறது. ஏரிக்கரையில் நிறுத்திப் போட்டுக் கேட்டோம்.

பாட்டுகள் நன்றாக இருக்கின்றன. குரல் முன்னைவிட ஆழமாகியிருக்கிறது. இரண்டு பாட்டை நாங்களே மறந்துவிட்டிருந்தோம். போங்கோக்காரர் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பஸ் பாட்டு வந்தது. பாட்டுக்கு முன்னால் பாடகர் சனத்தோடு பேசுகிறார்.

“எங்கட சனம் வாய் திறக்க ஏலாமல் இருந்த காலம் அது. அந்த மௌனத்தைத்தான் நான் இந்தப் பாட்டுக்குள்ள வைச்சனான். கவனமாக் கேளுங்கோ.”

சனம் கைதட்டுகிறது. பாட்டு தொடங்குகிறது, பழைய வேகத்தில் இல்லை, இழுத்து இழுத்து. இரண்டு வரி முடிகிறது. கீபோர்ட் வருகிறது. டக் டக். டிரம்காரன் ஏதோ மரத்தில் தட்டுகிறான். கீபோர்ட் முனகி அடங்குகிறது. மண்டபம் முழுவதும் அமைதி. பிறகு மெதுவாக, கொஞ்சம் பிந்தி, ஒரு தட்டு.

போங்கோக்காரர் செட்டை நிறுத்திவிட்டார். “மௌனமாம். அந்த மௌனத்துல நோனா மேல ஏறிப் போயி பாண் வாங்குனாங்க, அக்கா. அதையும் மேடையில சொல்லச் சொல்லுங்க.”

நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எதுவோ இடித்தது. திரும்பப் போடச் சொன்னேன். திரும்பவும் போடச் சொன்னேன். ஏரியைச் சுற்றி நடக்கிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்குக் கோபம் வந்தால் வாய் ஓடும். அன்றைக்கு வாய் ஓடவில்லை. ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது: கனடாவில் அவரோடு வாசிக்கிற இந்தப் பிள்ளைகளுக்கு இது எப்படித் தெரியும்?

“அவரு ஞாபகம் வச்சுச் சொல்லிக் குடுத்திருப்பாரு” என்றார் போங்கோக்காரர். “நமக்கு ஞாபகம் இருக்கே.”

இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு தட்டு, நிறுத்தம், ஒரு தட்டு. ஞாபகத்தில் நிற்கிற விஷயம்தான். ஆனால் அதற்குப் பிறகு வருகிற பெண் குரல் என்னை விடவில்லை. கனடாவில் பிறந்த பிள்ளையாக இருக்க வேண்டும். அவள் ‘எனக்கும்’ என்று பாடவில்லை. அந்தச் சொல்லுக்கு உரிய இடம் வெறுமையாகப் போகிறது. தாளம் மட்டும் நடக்கிறது. பிறகு, ‘ஒரு இடம் வைங்க’ என்று நுழைகிறாள். நுழையும்போது ஒரு மூச்சுச் சிரிப்பு. பாட்டு முழுவதும் அழுகிற மாதிரி போகிறது, அந்த ஒரு இடத்தில் மட்டும் அவள் ஏன் சிரிக்கிறாள்? சீடிக்குள் இருக்கிற சின்னப் புத்தகத்தில் பாட்டை அச்சடித்திருக்கிறார்கள். அதிலும் ‘எனக்கும்’ இல்லை.

அது என் சிரிப்பு. என் பிழை. அந்த ஒரு தரம் தவிர நான் அந்தச் சொல்லை விட்டதே கிடையாது. ஒரு சொல் விட்டால் பாட்டு நொண்டும் என்று என்னைத் திட்டியவர், தானே எழுதிய சொல்லை விட்டுவிட்டு யாருக்கும் சொல்லிக்கொடுக்க மாட்டார். அப்படியானால் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகளிடம் ஒலியைக் கொடுத்து, கேட்டுப் பழகுங்கோ என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் பிழை எது, பாட்டு எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அப்படியே பழகிவிட்டார்கள். அந்தத் தட்டு, அந்த முனகல், அந்தப் பிந்தல், அந்தச் சிரிப்பு நாலும் ஒன்றாக இருந்த இடம் உலகத்தில் ஒரே ஒரு கசெட்.

போங்கோக்காரருக்கு இன்னும் முழுதாக நம்பிக்கை வரவில்லை. “ஒழுங்கா எடுத்த கசெட்டுலயும் நீங்க விட்டிருந்தா?”

“அதைக் கேட்டுப் பார்க்க ஒரு கொப்பி வேணுமே. நான்தான் எரிச்சிட்டேனே.”

“நான் எரிக்கல. போங்கோவுக்குள்ள போட்டு வச்சிருந்தேன். அதுக்கப்புறம் போங்கோ சளி புடிச்ச மாதிரிப் பேசுது.”

அவர் வீட்டுக்குப் போய்ப் பழைய ரெக்கோடரில் போட்டோம். நாடா கொஞ்சம் அழுதது, ஆனாலும் விளங்கியது. தட்டு இல்லை. நிறுத்தம் இல்லை. என்னுடைய இருபது வயதுக் குரல், திக்காமல் திணறாமல், ‘எனக்கும் ஒரு இடம் வைங்க’ என்றது.

அதற்கு மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மடுல்கெல்லவுக்குப் புறப்பட்டோம். வத்தேகம தாண்டும்வரை சீடி ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் சோதனைச் சாவடி தெரிந்ததும் போங்கோக்காரரின் கை தானாகப் போய் செட்டை நிறுத்தியது. அங்கே நின்ற ஆமிக்காரப் பையன் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டான்.

“ஏன் பாட்டை நிறுத்தினாய்?”

“பழக்கம், சேர்.”

“என்ன பாட்டு?”

“பஸ் பாட்டு.”

“போடு, கேட்போம்.”

போட்டோம். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரீவீலின் கூரையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். நிறுத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். “சீடி பழுது” என்றான். “கொப்பி வாங்கியிருக்கிறாய். ஒரிஜினல் வாங்கு.” அட்டைகளைத் தந்து போகச் சொன்னான். பன்வில வரும்வரை போங்கோக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

அண்ணி தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறார். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அன்றைக்கு லீவு, லயத்தில்தான் இருந்தார். மகள் பல்லேகலவில் ஒரு கார்மென்ட் பெக்டரியில் வேலை, போர்டிங்கில் தங்கியிருக்கிறாள். நான் ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. “பழைய பாட்டு வந்திருக்கு அண்ணி, கேளுங்க” என்று மட்டும் சொல்லித் திரீவீலுக்குள் ஏற்றி உட்காரவைத்தேன்.

அவர் சேலைத் தலைப்பை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு கேட்டார். பாடகரின் பேச்சு வந்தபோது, “நல்லா வந்திட்டாரு தம்பி” என்றார். இரண்டு தட்டு வந்தது. நிறுத்தம் முடிந்து, பிந்திய ஒற்றைத் தட்டு வந்ததும் திரும்பி லயத்துக் கதவைப் பார்த்தார். கதவு திறந்துதான் கிடந்தது.

“இது யாரு தட்டுறது?”

“கனடாவில ஒரு பையன், அண்ணி.”

“அவனுக்கு யாரு சொன்னா? அவரு வீட்டுக்கு வந்தா இப்பிடித்தான் தட்டுவாரு. ரெண்டு தட்டி, நிப்பாட்டி, ஒண்ணு. அந்தக் காலத்துல கதவத் தட்டுனா யாரு தொறப்பா. இந்தத் தட்டுக்குத்தான் நாந் தொறப்பேன்.”

இது எனக்குத் தெரியாது. நாங்கள் அறைக்குள் வைத்துக்கொண்ட முறையை அவர் வீட்டுக்கும் கொண்டுபோயிருக்கிறார். அல்லது வீட்டிலிருந்து அறைக்குக் கொண்டுவந்தாரோ, அதைக் கேட்க இப்போது ஆள் இல்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கசெட் எரியவில்லை என்பதையும் சொன்னேன். அவர் அழவில்லை. நான் எதிர்பார்த்த மாதிரித் திட்டவும் இல்லை. உள்ளே போய், துணி போட்டு மூடி வைத்திருந்த ஆர்மோனியத்தைத் திறந்து காட்டினார். விளிம்பில், இடது பக்கம், மோதிரம் பட்டுப் பட்டு விழுந்த ஒரு சின்னக் குழி. அதைத் தடவிக்கொண்டே பேசினார்.

“மொகம் போட்டோவுல இருக்கு. கொரல்தான் மறந்திருச்சு. மக கேப்பா, அப்பா எப்பிடிம்மா பேசுவாருன்னு. நான் சாதாரணமாத்தான் பேசுவாரும்பேன். வேற என்னா சொல்ல. எனக்கே தெரியல.” துணியைத் திரும்ப இழுத்து மூடினார். “அந்தக் கசெட்டுல என்னா பேசுறாரு?”

“பாண் வேன்தான், நீங்க பாடுங்கன்னு சொல்றாரு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான், அண்ணி.”

“போதும்” என்றார். “அது போதும்.”

சீடியில் அந்தப் பேச்சு இல்லை. ஒற்றைத் தட்டுக்கும் பெண் குரலுக்கும் இடையில் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். பெட்டி அடங்குகிற சத்தத்தை எடுத்தார்கள். என் சிரிப்பை எடுத்தார்கள். அவர் பேசியதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஏன் அந்தப் பொய்யைச் சொன்னார் என்று நான் யோசிக்காத நாளில்லை. விமான நிலையத்தில் சோதிப்பார்கள், காணாமல் போன ஒருவரின் குரலோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று பயந்திருக்கலாம். அந்தப் பயம் எனக்கு விளங்கும். அல்லது தன்னுடைய இளம் வயதுக் குரல் இருக்கிற கசெட்டைக் கொடுக்க மனம் வராமல் இருந்திருக்கலாம். அதுகூட விளங்கும். ஒரு தரம் பொய் சொன்னவர், பிறகு சொல்ல வெட்கப்பட்டு வருஷத்தைத் தள்ளியிருக்கலாம். இவை மூன்றும் இல்லாமல் நாலாவது ஒன்றும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் கேட்கிறேன். விளங்காதது இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கசெட்டைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியபோது அந்தக் குரல் வந்திருக்கும். “இது ஆர்?” என்று ஒரு பிள்ளையாவது கேட்டிருக்கும். என்ன பதில் சொன்னார்?

நான் எடுத்த எடுப்பில் இதை ஊருக்குச் சொல்லவில்லை. முறையாகத்தான் கேட்டேன். மச்சானின் கடைக்குப் போய், இப்படி இப்படி, அந்தக் கசெட்டின் ஒரு கொப்பி அண்ணிக்கு வேண்டும், ஒரிஜினல்கூட வேண்டாம் என்று சொன்னேன். ஒரு கிழமை கழித்துப் பதில் வந்தது.

“பழைய கதையளைக் கிளற வேண்டாமாம், அக்கா.”

“கசெட் இருக்கா இல்லையா?”

“அதை அவர் சொல்லேல்லை.”

“இல்லை எண்டு சொன்னாரா?”

மச்சான் கல்லாப்பெட்டியைத் திறந்து மூடினார். “இல்லை எண்டும் சொல்லேல்லை.”

பழைய கதையைக் கிளறியது நானா? மண்டபம் எடுத்து, விளக்குப் போட்டு, சீடி அடித்துக் கிளறியவர் யார்?

இதை எழுதப் போகிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். “அவரு பேர நீ எழுதாத. எம் பேரும் வேணாம். மக தெனமும் செக்கிங்குல நின்னு வேலைக்குப் போறவ. தம்பி அங்க இருக்காரு. அங்க சொன்னா யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. பேர அவரு சொல்லட்டும்.” அதனால்தான் இதில் ஒருவருக்கும் பெயர் இல்லை. ஒருவரின் பெயரை மறைத்துவிட்டு மற்றவர்களின் பெயரைப் போட எனக்கு மனமில்லை.

பாடகரே, இனி உங்களோடுதான் பேச்சு. நீங்கள் மார்க்கெட்டுக்கு முன்னால் சொன்ன பொய் எங்கள் இரண்டு பேருக்குத்தான் கேட்டது. மேடையில் சொன்னது ஒரு மண்டபத்துக்கே கேட்டது. அதனால் பதிலும் மண்டபத்துக்குக் கேட்க வேண்டும். மச்சான் மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். எனக்குத் தனியாக எழுதவும் வேண்டாம். அடுத்த தரம் அந்தப் பாட்டுக்கு முன்னால் மைக்கைப் பிடிக்கும்போது மௌனத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, கசெட் உங்களிடம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லுங்கள். இருக்கிறது என்றால் அந்த இடத்தைச் சனத்துக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒற்றைத் தட்டுக்குப் பிறகு, பாண் வேன்தான் என்று சொல்கிற அந்த மனிதர் யார்? அவருடைய பெயரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.